அளவுக்குப் படுத்தவன்

படு என்றார்கள், படுத்தேன். எழுந்திருக்கலாம் என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்கிற நிலைமையில் இல்லை, கோபத்தில் கிடக்கிறேன். முதுகுக்குக் கீழே புது பிளைவுட் பலகை, பலகைக்குக் கீழே நாலு பழைய டயர், டயருக்குக் கீழே சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் வரைந்த ஒரு லாரி. காகிதத்தில் பிளான் போட்டால் கண்ணுக்குத்தான் தெரியும், தரையில் போட்டால்தான் காலுக்குத் தெரியும் என்பது மேஸ்திரி ராஜகண்ணுவின் கட்சி. அதனால் இந்த ஷெட்டில் எந்த வண்டிக்கு பாடி கட்டினாலும் முதலில் அசல் அளவில் தரையில் கோடு போட்டு, வாங்குகிறவர்களை உள்ளே நடக்கவிட்டு, அப்புறம்தான் இரும்பைத் தொடுவார். பதினாலடி நீளம், ஆறடி அகலம். அதற்குள் சின்னச் சின்னக் கட்டங்கள், இது அடுப்பு மேடை, இது பாத்திரம் கழுவுகிற தொட்டி, இது மடக்கு மேஜை. சின்ன லாரி ஒன்றை வாங்கி அதற்குள் ஒரு வீட்டையே வைக்கப்போகிறார்கள். முதலாளி மகன் தரணீஷ் கையில் போனை வைத்துக்கொண்டு கோடுகளை மிதிக்காமல் தாண்டித் தாண்டி நடக்கிறான். அவன் பெண்டாட்டி வினோதினி மிதித்தே நடக்கிறாள். அவர்களுடைய ஆறு வயசுப் பாப்பா கட்டத்துக்குக் கட்டம் நொண்டியடிக்கிறாள். முதலாளி நல்லப்பன் பிளாஸ்டிக் நாற்காலியில், பெரிய மின்விசிறிக்கு நேர் எதிரில். ஒன்றரை மாதம், காஷ்மீர் வரைக்கும் போய்வருகிற திட்டம். அவர்கள் நாலு பேர். ஓட்டப்போகிறவன் நான்.

கோபம் அவர்கள்மேல் பாதிதான். மீதி என்மேல். நாமக்கல்லில் பிறந்து லாரியிலேயே கிடந்தவன் மட்டும் செய்யக்கூடிய தப்பைச் செய்துவிட்டேன். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் குறுக்காக ஒரு படுக்கைப் பலகை போடுவார்கள், பர்த் என்று பேர். எங்கள் ஷெட்டுகளில் அதைச் சும்மா டேப்பு பிடித்து வெட்டிவிட மாட்டார்கள். ஓட்டப்போகிறவனைக் கூப்பிட்டு, பலகையில் மல்லாக்கப் படுக்கவைத்து, உச்சந்தலையிலிருந்து குதிகால்வரை அளந்து, நாலு விரல் சேர்த்து அறுப்பார்கள். அறுத்த பலகையின் அடிப்பக்கம் அந்த டிரைவர் பேரைப் பென்சிலால் எழுதிவைப்பார் மேஸ்திரி. அதை யாரும் பார்க்கப்போவதில்லை, ஆனாலும் எழுதுவார். நாலு லாரியில் என் பேர் அப்படி இருந்தது, நாலும் இன்றைக்குப் பழைய இரும்பாக எடைக்குப் போய்விட்டன. ஆகவே இன்றைக்கு ராஜகண்ணு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "செங்கோடண்ணா, வந்து செத்த நேரம் படுங்க" என்றதும் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன். சட்டைப் பையிலிருந்த கண்ணாடியை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டேன். படுத்ததோடு விட்டேனா? வாயைத் திறந்தேன். தலைமாடு இடதுபக்கம் வரட்டும் ராஜகண்ணு, வலதுபக்கம் ஒருக்களித்தால்தான் எனக்குத் தூக்கம் பிடிக்கும், இப்போதெல்லாம் முழங்கால் மடங்குவதில்லை, நாலு விரலுக்குப் பதில் ஆறு விரல் சேர்த்துக்கோ, கால்மாட்டில் காற்று வர ஒரு சின்ன ஜன்னல் இருந்தால் போதும். கல்யாணப் பெண் நகைக்கடையில் சொல்கிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னேன். ராஜகண்ணு டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். தரணீஷ்தான் சிரித்துக்கொண்டே வந்து சொன்னான், அப்பாவும் நீங்களும் ஒரே உயரம்தானேண்ணா, இது அப்பா படுக்கை, அவருக்கு இடுப்பு வலி, மெத்தை இல்லாத பலகையில் படுத்துப் படுத்து எழ முடியாது, அதனால்தான் உங்களை வைத்து அளவு பார்க்கிறோம் என்று. ஜன்னலும் ஆறு விரலும் என் வாயிலேயே நின்றுவிட்டன. ராஜகண்ணுவுக்கு முதலிலேயே தெரியும். சொல்லியிருக்கலாம் அந்த மனுஷன்.

எழுந்து உட்காரச் சொல்கிறார்கள். உட்கார்ந்தேன். தலைக்கு மேல் ஒரு சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான் தரணீஷ். இடிக்குதாண்ணா? இடிக்கவில்லை. இன்னும் இரண்டு அங்குலம் இறக்கினால்? இப்போது இடிக்கிறது. மறுபடி படுங்க. படுத்தேன். கையை மேலே நீட்டுங்க, ஸ்விட்ச் எட்டுதா பார்ப்போம். எட்டுகிறது, முதலாளிக்கு எட்டும், என் கையால் முதலாளிக்கு எட்டும். துணிக்கடை வாசலில் சேலை கட்டி நிறுத்தியிருக்கும் பொம்மைக்குக்கூட இவ்வளவு வேலை கொடுக்க மாட்டார்கள். அதற்கு வியர்க்காது, முழங்கால் வலிக்காது, முக்கியமாக அதற்குக் காது இல்லை. எனக்கு இருக்கிறது. விளக்கு மஞ்சளா வெள்ளையா என்று கால் மணி நேரம் பேசினார்கள். மஞ்சள் வெளிச்சம் மனசுக்கு இதம், வெள்ளை வெளிச்சத்தில் சமையலறையில் கரப்பான் தெரியும். ஜன்னலுக்குத் திரையா, சுருள்கிற பாயா. தொட்டி எவர்சில்வரா, கறுப்புக் கல்லா. தண்ணீர் டாங்க் எண்பது லிட்டரா, நூற்றிருபதா. கேட்டால் நான் சொல்வேன், நூற்றிருபது லிட்டரை ஒரே பக்கமாக வைத்தால் மலைரோட்டு வளைவில் வண்டி அந்தப் பக்கமே இழுக்கும், நடுவில் வையுங்கள் என்று. கேட்கவில்லை. பாப்பாவுக்கு முன்சுவரை ஒட்டி, கேபினுக்கு நேர் பின்னால், உயரத்தில் ஒரு படுக்கை. அதற்குக் கீழே ஆறடி நீளத்துக்கு, இரண்டடி ஆழத்துக்கு ஒரு இடம் மிச்சம் வருகிறது. அதைப் பார்த்ததும் படுத்திருந்த எனக்கு வாய் ஊறியது என்றுதான் சொல்லவேண்டும். ஆறடிக்கு இரண்டடி. அதில் என்ன வைக்கலாம் என்று வினோதினி கேட்டாள். செருப்பு என்றான் தரணீஷ். செருப்பு, ஷூ, மழைக்கோட்டு, அவனுடைய கிடார், அத்தை போட்டுக்கொடுக்கிற ஊறுகாய் ஜாடி. ராஜகண்ணு குனிந்து அந்தக் கட்டத்துக்குள் எழுதினார், செருப்பு என்று. பலகையிலிருந்து தலையைத் திருப்பினால் அந்த எழுத்து நேராகத் தெரிகிறது. செருப்புக்கு ஆறடிக்கு இரண்டடி. நல்ல அதிர்ஷ்டம் செய்த செருப்பு.

எனக்கு எங்கே. இரண்டே வார்த்தை. முதலாளி, எனக்கு எங்கே. கேட்டுவிட்டால் முடிந்தது. இந்த வாய் லக்னோ செக்போஸ்ட்டில் இந்தி தெரியாமலே சண்டை போட்ட வாய், டயர்க்காரனிடம் பேரம் பேசின வாய். இந்த இரண்டு வார்த்தைக்கு மட்டும் எச்சில் வறண்டுபோகிறது. ஏன் வறளுகிறது என்று எனக்குத் தெரியும், அதனால்தான் எரிச்சல் இன்னும் ஏறுகிறது. எனக்கு இந்த ஊரில் ஒரு பேர் உண்டு. தூங்காத செங்கோடன். இருபத்தைந்து வயசில் கல்கத்தாவுக்கு முட்டை லோடு ஏற்றிக்கொண்டு போய், சொன்ன நாளுக்கு ஒருநாள் முன்னதாகவே இறக்கிவிட்டுத் திரும்பினேன். எப்படிடா என்றார் முதலாளி. தூங்கலீங்க மொதலாளி என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவர் அதை லாரி எடைபோடுகிற தராசுக்காரரிடம் சொன்னார், தராசுக்காரர் டீக்கடையில் சொன்னார், ஒரு மாதத்தில் நான் நடந்தால் பின்னால் அந்தப் பேர் நடந்தது. எனக்கும் பிடித்திருந்தது, பொய் சொல்லவில்லை. கல்யாண வீட்டில் முதலாளி என் தோளில் கைபோட்டு, இவனுக்குத் தூக்கமே கிடையாது என்று சம்பந்திகளிடம் காட்டுவார். நான் தலையைக் குனிந்து நிற்பேன், குனிந்த தலைக்குள் கொஞ்சம் கர்வம் இருக்கும். தவளை தன் வாயால் கெடும். இரண்டு டிரைவர் போகவேண்டிய தூரத்துக்கெல்லாம் என்னைத் தனியாக அனுப்பினார். செங்கோடன்தான் தூங்க மாட்டானே, இன்னொருத்தன் எதற்கு? அதைக் கேட்டு நான் சிரித்தேன் பாருங்கள், அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் இன்றைக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

நான் தூங்கினேன். எந்த உயிர் தூங்காமல் இருக்கும்? தாபாவுக்குப் பின்னால், பெட்ரோல் பங்கு ஓரத்தில், புளியமரத்து நிழலில், பகலோ ராத்திரியோ வண்டியை நிறுத்திவிட்டு, திரையை இழுத்துவிட்டு, பர்த்தில் ஏறிப் படுப்பேன். மூன்று மணி நேரம், சில நாள் நாலு. செத்த பிணம் மாதிரி தூங்குவேன். எழுந்து முகம் கழுவி, இழந்த நேரத்தை ரோட்டில் பிடித்துவிடுவேன். அந்தப் பலகை இல்லாவிட்டால் தூங்காத செங்கோடன் இல்லை. அந்தப் பேரைத் தாங்கினதே என் அளவுக்கு அறுத்து, என் பேர் எழுதின அந்தப் பலகைதான். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் பெண்டாட்டி பாப்பாத்தியிடம் சொல்லவேண்டிய அவசியம் வரவில்லை, அவள் பக்கத்தில் படுக்கிறவள். பக்கத்தில் என்றா சொன்னேன், இப்போது அவள் பாயைத் தள்ளிப்போட்டு ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. ராத்திரி தூக்கத்தில் என் வலதுகால் நீண்டு எதையோ மிதிக்கிறதாம். ஒரு தடவை அவள் கெண்டைக்காலில் மிதித்து நாலு நாள் நொண்டினாள். வீட்டுக்கு வந்தும் லாரியிலதான் தூங்கறீங்க என்றாள். அது என்ன மிதி என்று அவளுக்குத் தெரியாது. பிரேக். நான் ஒவ்வொரு ராத்திரியும் பிரேக் பிடிக்கிறேன். பிடிக்கவேண்டிய அன்றைக்குப் பிடிக்கவில்லை. இப்போது வேண்டாம் அந்த நினைப்பு, தகரக் கூரையைப் பார், கூரையில் ஏழு ஓட்டை, ஏழு வெளிச்சப் பொட்டு, ஒன்று சரியாக என் நெஞ்சில் விழுகிறது. வெல்டிங் புகை. பெயிண்டில் கலக்கிற தின்னர் வாசம். தின்னர் வாசத்துக்குக் கீழே இன்னொரு வாசம் இருக்கிறது. பச்சைப்புல் வாசம். இங்கே ஏது புல்? இல்லை. அது எனக்குள்தான் இருக்கிறது.

அது நடந்தது ராத்திரிகூட இல்லை. பட்டப்பகல் இரண்டு மணி, நாக்பூர் தாண்டி. ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி, பர்த்தில் ஏறி, கண்ணை மூடினேன், போன் அடித்தது. முதலாளி. சாயங்காலத்துக்குள் இறக்கிவிடுவாயல்லவா, சரக்கு எடுக்கிற பார்ட்டி கத்துகிறான், நீதான் தூங்கமாட்டியே என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், நானும் சிரித்துக்கொண்டே ஆகட்டுங்க என்று சொல்லிவிட்டு இறங்கி வண்டியை எடுத்தேன். நாற்பத்தாறு என்று ஒரு மைல்கல் பார்த்தேன். அடுத்ததாகப் பார்த்தது நாற்பத்துமூன்று. நடுவில் இருந்த இரண்டு கல் எங்கே போயின? கண்ணாடியில் பார்த்தேன், பின்னால் ஒரு பாலம் இருக்கிறது. குறுகலான பாலம், கைப்பிடிச்சுவர் இரண்டு பக்கமும். அதன்மேல் வந்திருக்கிறேன். எனக்கு அந்தப் பாலம் ஞாபகமில்லை. ஓரமாக நிறுத்திவிட்டு நடந்தே திரும்பிப் போனேன். பாலத்தில் ஐந்தாறு பெண்கள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றார்கள், தலையில் புல்லுக்கட்டு. ஒருத்தி தலையில் மட்டும் இல்லை. அவள் கட்டு ரோட்டில் அவிழ்ந்து, அதன்மேல் என் டயர் போன தடம். இத்தனை அகலம்தான் இருக்கும், ஒரு சாண், அவளுக்கும் அந்தத் தடத்துக்கும். அவள் என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். அந்தப் பாஷை எனக்குத் தெரியாது. என்ன சொன்னாள் என்று தெரியும். நான் குனிந்து புல்லைப் பொறுக்கினேன், ஒவ்வொரு தாளாகப் பொறுக்கினேன், கை கொள்ளாமல் சட்டையில் போட்டுக்கொண்டு பொறுக்கினேன், யாரும் உதவிக்கு வரவில்லை, யாரும் அடிக்கவும் இல்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஊருக்கு வந்து முழங்கால் வலி என்று சொல்லி சாவியைக் கொடுத்துவிட்டேன். முதலாளி சால்வை போட்டார். முப்பது வருஷத்தில் இவன் வண்டியில் ஒரு கோழிக்குஞ்சு அடிபட்டதில்லை என்று எல்லார் முன்னாலும் சொன்னார். கைதட்டினார்கள். நான் கும்பிட்டேன்.

அப்படியிருந்தும் இந்த வண்டிக்கு ஏன் ஒத்துக்கொண்டேன்? அவர் வீடு தேடி வந்து கேட்டார், உன்னைவிட்டால் யாரை நம்பி என் பேத்தியை வண்டியில் ஏற்றுவேன் என்றார், அது ஒன்று. இன்னொன்று, சொன்னால் சிரிப்பு வரும், படுக்கை வைத்த வண்டி என்றார்கள். தூங்குவதற்கென்றே ஒரு லாரி. முன்னால் ஓட்டிவிட்டுப் பின்னால் போய்க் காலை நீட்டலாம், யாரும் அவசரப்படுத்தப்போவதில்லை, முட்டையும் இல்லை, பார்ட்டியும் இல்லை. நாலு பேருக்குப் படுக்கை இருக்கிற வண்டியில் ஐந்தாவது ஒன்று இல்லாமலா போகும் என்று நினைத்தேன். நினைப்புதான் பிழைப்பைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள். இந்தச் சின்ன வண்டிக் கேபினில் நீட்டிப்படுக்க இடம் கிடையாது. இரண்டு சீட்டு, நடுவில் கியர். அதில் சுருண்டு படுத்தால் கியர் விலாவில் குத்தும், முழங்கால் கதவில் முட்டும், ஒருமணி நேரம்கூடக் கண் அசராது. ஒன்றரை மாதம். பகலெல்லாம் ஓட்டி, ராத்திரியெல்லாம் உட்கார்ந்து, மறுநாள் மலைரோடு. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். எனக்கு ஐம்பத்தேழு வயசு. பாப்பா இப்போது தன் கட்டத்துக்குள் படுத்துக்கொண்டு, கையைத் தலைக்கு அண்டக்கொடுத்து, தூங்குவதுபோல் நடிக்கிறாள். ராஜகண்ணு வினோதினிக்கு விளக்கிக்கொண்டிருக்கிறார், பாப்பா தலைமாட்டுக்கும் டிரைவர் சீட்டுக்கும் நடுவில் ஒரு தகரம்தான், கூப்பிட்டால் கேட்கும் என்று. ஒரு தகரம்தான். அந்தத் தலைக்கு முன்னால் அரையடியில் என் தலை. புல்வாசம் தொண்டைவரை வந்துவிட்டது.

"மொதலாளி, நான் எங்கீங்க படுக்கறது?"

கேட்டுவிட்டேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது, படுத்துக்கொண்டே கேட்டதாலோ என்னவோ. தரணீஷ் போனிலிருந்து தலையைத் தூக்கினான். அவன் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது, வஞ்சனை ஒன்றுமில்லை, அப்படி ஒரு கேள்வி இருப்பதே அவனுக்கு இப்போதுதான் தெரிகிறது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. வேண்டுமென்றே விட்டிருந்தால் சண்டையாவது போடலாம். சீட்டை நன்றாகச் சாய்கிற சீட்டாகப் போட்டுவிடலாம்ணா என்றான். முதலாளி அவனைக் கையமர்த்திவிட்டுச் சிரித்தார். அதே சிரிப்பு, சம்பந்திகளிடம் காட்டுகிற சிரிப்பு. "இவன் எங்கடா தூங்குனான்? முப்பது வருசத்துல இவன் கொட்டாவி உட்டு நான் பாத்ததில்ல." பிறகு பேத்தியைப் பார்த்து, இந்தத் தாத்தாவுக்குத் தூக்கமே வராது கண்ணு, ராத்திரி பூரா முழிச்சு உன்னப் பாத்துக்குவாரு என்றார். பாப்பா எழுந்து உட்கார்ந்து என்னையே பார்த்தாள். நிஜமாகவா என்கிற பார்வை. அவள் நம்பினாள். முப்பது வருஷமாக இந்த ஊர் நம்பினதையெல்லாம்விட அந்த ஒரு நம்பிக்கைதான் எனக்குத் தாங்கவில்லை.

எழுந்து உட்கார்ந்தேன், தலை இடிக்கிறதா என்று பார்ப்பதற்காக அல்ல. "நான் தூங்குவனுங்க மொதலாளி" என்றேன். அவர் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார், எல்லாரும் தூங்கத்தான் செய்வார்கள் என்றார், பேச்சுக்குச் சொன்னேன் என்றார். "ஓட்டறப்பவே தூங்குவேன். தூங்கியிருக்கேன்." அதற்கப்புறம் யாரும் என்னை நிறுத்தவில்லை. மைல்கல்லைச் சொன்னேன், பாலத்தைச் சொன்னேன், போன் வந்ததையும் விடவில்லை. சொல்லச் சொல்ல எனக்குக் குரல் ஏறியது, பாவமன்னிப்புக் கேட்கிறவன் குரல் இல்லை அது, சண்டைக்காரன் குரல். தாபாவுக்குப் பின்னால் திரையை இழுத்துவிட்டுத் தூங்கின ஒவ்வொரு தூக்கத்தையும் முகத்தில் எறிகிற மாதிரிச் சொன்னேன். முதலாளி முகத்தில் கோபம்கூட வரவில்லை. வருஷக்கணக்காகப் போட்டிருந்த மோதிரம் கவரிங் என்று தட்டான் சொன்னால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. இத்தனை நாளா ஏண்டா சொல்லல என்றார், மெதுவாக. எனக்கு அப்போதுதான் கோபம் உச்சிக்கு ஏறியது. "முப்பது வருசத்துல தூங்கினயாடான்னு நீங்க ஒருக்காக்கூடக் கேக்கலீங்களே." அது பாதி உண்மைதான், கேட்டிருந்தாலும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனாலும் அவர் கேட்டிருக்கவேண்டும்.

வினோதினி பாப்பாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஆறு வயசுப் பிள்ளையை இடுப்பில் வைக்கிற வழக்கமில்லை, கால் தரையைத் தொடுகிற மாதிரித் தொங்கியது. "அந்தப் பொம்பளைக்கு என்னாச்சுங்கண்ணா?" என்று கேட்டாள். அவ்வளவு பேரில் அவள்தான் அதைக் கேட்டாள். ஒன்றும் ஆகவில்லை, புல்லுக்கட்டு மட்டும்தான் என்றேன். அவள் தரையைப் பார்த்தாள், பாப்பா படுத்திருந்த கட்டத்தை, அதற்கு முன்னால் இருந்த டிரைவர் சீட்டுக் கட்டத்தை, கீழே எழுதியிருந்த செருப்பை. மேஸ்திரி, இதை அழித்துவிடுங்கள் என்றாள். ராஜகண்ணு ஈரத்துணியை எடுத்துக்கொண்டே, அங்கே என்ன வரும் என்று கேட்டார். டிரைவருக்குப் படுக்கை என்றாள். தரணீஷ் குரலைத் தாழ்த்தி, இனி வேற டிரைவர்தானே பார்க்கணும் என்றான். எனக்குக் கேட்கக்கூடாது என்று தாழ்த்தினான், நன்றாகவே கேட்டது. யாராக இருந்தாலும் என்றாள் அவள். செருப்பு அழிகிற சத்தம் கேட்டது. ராஜகண்ணு என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அளவு? அவர் படுத்திருந்தாரே, அதே அளவு என்றாள். பழக்கதோஷம், காதிலிருந்து பென்சிலை எடுத்துக்கொண்டு, அடியில என்ன பேருங்க எழுதறது என்று கேட்டுவிட்டார் அந்த மனுஷன். முதலாளி ஷெட்டுக்கு வெளியே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார், அங்கே ஒரு புது லாரி மாலையோடு போய்க்கொண்டிருந்தது. அவள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"டிரைவர்னு எழுதுங்க."

ஆக, கிடைத்துவிட்டது. ஆறடிக்கு இரண்டடி, என் உச்சந்தலையிலிருந்து என் குதிகால்வரை. கால்மாட்டில் ஜன்னல்கூட வைப்பார்கள், ராஜகண்ணு மறக்க மாட்டார். எவனோ ஒருத்தன் அதில் வலதுபக்கம் ஒருக்களித்துப் படுப்பான், என்னைவிட உயரமாக இருந்தால் காலை மடக்கிக்கொள்வான். அவன் தூங்குவான், பாப்பாவும் தூங்குவாள். கோபம் தீர்ந்துவிட்டதா என்று பார்த்தேன், இல்லை, அப்படியே இருக்கிறது, ஆனால் அதற்குக் கீழே வேறொன்று வந்து நிற்கிறது, இமையில், தோள்பட்டையில், முழங்காலில். முப்பது வருஷத்துத் தூக்கம். அளவெடுத்தாயிற்று, எழுந்திருங்கண்ணா, பலகையை எடுக்கவேண்டும் என்றார் ராஜகண்ணு. நான் எழவில்லை. கையிலிருந்த கண்ணாடியைத் தலைமாட்டில் வைத்துவிட்டு, இந்தப் பட்டப்பகலில், முதலாளி பார்க்க, அவர் மகன் பார்க்க, வலதுபக்கம் ஒருக்களித்துப் படுத்தேன். செங்கோடா என்று முதலாளி கூப்பிடுவது எங்கேயோ தூரத்தில் கேட்டது. வலதுகால் தானாக நீண்டு, காற்றில் ஒருமுறை அழுத்தி மிதித்தது.